வலது பக்கம் சிறுநீர் வரவில்லை: அடியிறக்க அறுவையில் ஒரு நிகழ்வு ஆய்வு

மகளிர் நல மருத்துவர்களின் தொடர்பயிற்சிக்காக எழுதப்பட்ட ஆய்வு இது. இதில் வரும் நோயாளி எவரோ ஒருவர் அல்லர். அடியிறக்கத்தை, அதாவது கருப்பையும் யோனிச்சுவரும் கீழே இறங்குவதை, சரிசெய்யும் இடுப்புத்தளச் சீரமைப்பு அறுவையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு.

நோயாளியும் பரிசோதனையும்

56 வயது. நாற்று நடவு, களையெடுப்பு என்று குனிந்து நிமிரும் வேலை. நான்கும் சுகப்பிரசவம், முதல் குழந்தை மட்டும் ஆயுதம் போட்டு எடுத்தது. மாதவிலக்கு நின்று 7 ஆண்டுகள். "அடி இறங்கி வருது டாக்டரம்மா, உட்கார்ந்தா முட்டுது" என்பதுதான் முதல் வாக்கியம். துருவிக் கேட்டால் இன்னும் இரண்டு செய்திகள் வெளியே வரும். விரலால் உள்ளே தள்ளிவிட்டால்தான் சிறுநீர் முழுதாகப் போகிறது. முன்பெல்லாம் இருமினால் சிறுநீர் கசியும். ஒரு வருடமாக அது "தானாகவே நின்றுவிட்டது".

அது நிற்கவில்லை. இறங்கிய சிறுநீர்ப்பையோடு யூரித்ரா (சிறுநீர் வெளியேறும் குழாய்) மடிந்து அடைபட்டிருக்கிறது. இறக்கத்தைச் சரிசெய்ததும் மடிப்பு நிமிரும், கசிவும் திரும்பி வரும். அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தால் நோயாளி அதை எதிர்பார்த்திருப்பார். பிறகு சொன்னால், ஆபரேஷனால் வந்த கோளாறு என்றுதான் நினைப்பார்.

படுக்க வைத்து, வெட்கத்தோடு அரைகுறையாக முக்கச் சொல்லிப் பார்த்தால் இறக்கத்தின் பாதிதான் தெரியும். நோயாளி சொல்லும் அளவுக்கு வெளியே வரவில்லையென்றால், குத்துக்காலிட்டோ நின்றோ முக்கச் சொல்லி மறுபடி பார்க்க வேண்டும். "இதுதான் அதிகபட்சமா?" என்று அவரையே கேட்பது நல்லது. இந்த நிகழ்வின் பாப்-கியூ அளவுகள் (யோனி வாயிலின் சவ்வான ஹைமன் மட்டம் பூஜ்யம், + என்றால் அதற்கு வெளியே, − என்றால் உள்ளே; ஏஏ, பிஏ முன்சுவர், சி கருப்பை வாய், டி அதன் பின்னுள்ள குழிவு, ஏபி, பிபி பின்சுவர்): ஏஏ +2, பிஏ +4, சி +3, டி −1, ஏபி −1, பிபி −1, ஜெனிட்டல் ஹையேட்டஸ் (யோனித் திறப்பு) 5, பெரினியல் பாடி (திறப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பகுதி) 2, யோனியின் மொத்த நீளம் 9 செ.மீ. அதாவது மூன்றாம் நிலை.

இந்த ஒன்பது எண்களில் முடிவைத் தீர்மானிப்பது சி. முன்சுவர் +4 வரை தொங்குவதால் கண் அங்கேதான் போகும். கேஸ் ஷீட்டில் "சிஸ்டோசீல்" (சிறுநீர்ப்பை இறக்கம்) என்று எழுதவும் கை வரும். ஆனால் கருப்பை வாய் +3-இல் இருக்கிறது என்றால் உச்சியே கீழே வந்துவிட்டது. மகளிர் நல மருத்துவர் டெலான்சி 1992-இல் வகுத்த, யோனியைத் தாங்கும் மூன்று தளங்களில் முதல் தளம், அதாவது உச்சியை மேலே பிடித்து நிற்கும் கார்டினல்-யூட்டரோசேக்ரல் லிகமென்ட்களின் (இணைப்பு நார்) பிடிமானம், அறுந்துவிட்ட நிலை. உச்சியைக் கீழேயே விட்டு முன்சுவரை மட்டும் சுருக்கித் தைப்பது, கூடாரத்தின் நடுக்கம்பு சாய்ந்திருக்கும்போது துணியை மடித்துத் தைப்பதற்குச் சமம்.

முன்தயாரிப்பு

கருப்பை வாயின் பின்னுதட்டில் 2 செ.மீ. அளவில் டெக்யூபிட்டஸ் புண். உரசலால் வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள்; தொங்கும் பகுதியில் சிரை ரத்தம் தேங்குவதே முதன்மைக் காரணம். அதனால்தான் உள்ளே தள்ளி வைத்தாலே புண் ஆறத் தொடங்குகிறது. அக்ரிஃபிளேவின்-கிளிசரின் பேக் தினமும் மாற்றப்பட்டது. கூடவே எஸ்ட்ரியால் கிரீம். இரண்டு வாரத்தில் ஆறியது. ஆறாத புண்ணுக்கு பயாப்சி எடுக்காமல் அறுவைக்குப் போகக்கூடாது. பாப் ஸ்மியர் இயல்பு, எண்டோமெட்ரியத் தடிமன் 3 மி.மீ.

சிறுநீர் கழித்தபின் எஞ்சிய அளவு 140 மி.லி. ரிங் பெசரி (யோனிக்குள் வைக்கும் வளையத் தாங்கி) வைத்து இறக்கத்தை மேலேற்றிய பின் 30. இந்த இரண்டாவது எண்தான் பயன்படுவது: சிறுநீர்ப்பைத் தசை வேலை செய்கிறது, மடிப்புதான் தடை என்று காட்டுகிறது.

வயிற்று ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் இருக்கின்றனவா, வீங்கியுள்ளனவா என்று பார்த்துக் குறித்தாயிற்று. இரண்டும் உண்டு, வீக்கம் இல்லை. கிரியாட்டினின் 0.7. இந்த ஒரு வரிக் குறிப்பின் மதிப்பு அறுவை மேசையில்தான் தெரியும்.

300 மி.லி. நிரப்பி, ஸ்பாஞ்ச் ஹோல்டரில் பஞ்சு சுற்றி உச்சியை மேலே தள்ளிப் பிடித்து, யூரித்ராவை அழுத்தாமல், இருமச் சொன்னதில் சில துளிகள் கசிந்தன. மறைந்திருந்த கசிவு இது. கூடவே ஸ்லிங் (யூரித்ராவை அடியிலிருந்து தாங்கும் பட்டை) வைப்பதா, பிறகு பார்ப்பதா? 2012-இல் வெளியான ஓபஸ் ஆய்வில் ஸ்லிங் சேர்த்து வைத்தவர்களில் 3 மாதத்தில் கசிவோ அதற்கான சிகிச்சையோ 23.6 சதவீதம், வைக்காதவர்களில் 49.4. ஆனால் ஸ்லிங் குழுவில் சிறுநீர்ப்பைத் துளை 6.7 சதவீதம், மற்றதில் ஒன்றுகூட இல்லை. இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னபோது, "முதல்ல இதைச் சரி பண்ணுங்க, அது வந்தா அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது நோயாளியின் முடிவு. அதுவும் நியாயமான முடிவே.

எந்த அறுவை

பெசரி வேண்டாம் என்றார். தவறாமல் வந்து மாற்றிக்கொள்ள முடியாத தூரம். கருப்பையை வைத்துக்கொண்டே செய்யும் மான்செஸ்டர் அறுவையும் பேசப்பட்டது. அது பழையது என்று ஒதுக்கத் தேவையில்லை. 2023-இல் வந்த டச்சு ஆய்வில் சேக்ரோஸ்பைனஸ் ஹிஸ்டரோபெக்ஸியைவிட (கருப்பையை இடுப்பின் சேக்ரோஸ்பைனஸ் லிகமென்ட்டில் தைத்து நிறுத்துவது) அதன் வெற்றி விகிதம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்களுக்கு இறக்கம் ஹைமன் மட்டத்தைத் தாண்டிப் பெரிதாக வெளியே வந்திருக்கவில்லை. சி +3 உள்ள இவருக்கு அந்த எண்களைப் பொருத்திப் பார்க்க முடியாது. யோனிவழி வலை இன்று பேச்சிலேயே இல்லை. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் இறக்கத்துக்கான யோனிவழி வலைகளின் விற்பனையை நிறுத்தச் சொல்லிவிட்டது.

யோனிவழிக் கருப்பை நீக்கம், உயர்நிலை யூட்டரோசேக்ரல் தொங்கவிடல் (யோனி உச்சியை யூட்டரோசேக்ரல் லிகமென்ட்டில் தைத்து நிறுத்துவது), முன்சுவர்ச் சீரமைப்பு, பெரினியோராஃபி (யோனித் திறப்பைக் குறுக்கித் தைப்பது) என்று முடிவாயிற்று. சேக்ரோஸ்பைனஸ் ஏன் இல்லை? பலனில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 2014-இல் வந்த ஆப்டிமல் ஆய்வில் 2 ஆண்டு வெற்றி, யூட்டரோசேக்ரலில் 59.2 சதவீதம், சேக்ரோஸ்பைனஸில் 60.5. உடலமைப்பு, அறிகுறி, மறுசிகிச்சை மூன்றையும் சேர்த்துக் கறாராக அளந்ததால் எண் இப்படிக் குறைவாகத் தெரிகிறது. 5 ஆண்டில் தோல்வி 61.5, 70.3. சிகிச்சை தேவைப்பட்ட நரம்பு வலி 6.9, 12.4. கருப்பை நீக்கத்தால் வயிற்றறை ஏற்கெனவே திறந்திருக்கும்போது யூட்டரோசேக்ரல் எளிது. முன்பே கருப்பை எடுத்த, ஒட்டல்கள் நிறைந்த பழைய வால்ட் (யோனி உச்சி) என்றால் சேக்ரோஸ்பைனஸ் எளிது. யூட்டரோசேக்ரலுக்கு நாம் கொடுக்கும் விலை யூரிட்டர், அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய். ஆய்வுகளில் 1 முதல் 11 சதவீதம் வரை யூரிட்டர் அடைப்பு சொல்லப்படுகிறது.

மேசையில்

ஸ்பைனல் மயக்கம். கீறலுக்கு 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் 2 கிராம். லித்தாட்டமியில் (கால்களைத் தூக்கி விரித்த கிடப்பு) இடுப்பு மடிப்பு 90 பாகைக்கு மேல் போகாமல், முழங்காலுக்குக் கீழே வெளிப்புறம் கம்பியில் அழுந்தாமல் வைக்க வேண்டும். பெரோனியல் நரம்பு அங்கே எலும்பை ஒட்டி ஓடுகிறது. காலையில் ஒரு மடக்கு நீரோடு ஃபெனசோபிரிடின் 200 மி.கி. கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் வரும், கடைசியில் யூரிட்டர் வாய்களைச் சிறுநீர்ப்பைக்குள் சோதிக்கும்போது தேடத் தேவையில்லை. அது கிடைக்காத இடத்தில் 10 சத சோடியம் ஃபுளோரெசின் 0.25 முதல் 1 மி.லி. வரை சிரையில். கண் பிரிவில் விழித்திரை ஆஞ்சியோகிராமுக்கு வைத்திருக்கும் அதே மருந்துதான், கேட்டால் கிடைக்கும். இரண்டும் இல்லையென்றால் சலைனுக்குப் பதில் 10 சத டெக்ஸ்ட்ரோஸால் சிறுநீர்ப்பையை நிரப்பலாம். அடர்த்தி வேறுபாட்டால் சிறுநீர்ப் பீச்சல் அலையாகக் கண்ணுக்குத் தெரியும்.

கருப்பை நீக்கத்தை விவரிக்க வேண்டியதில்லை. யூட்டரோசேக்ரல் பெடிக்கிளின் (கட்டி வெட்டிய முனை) நூலை மட்டும் வெட்டாமல் நீளமாக விட்டு வையுங்கள். பிறகு அதுதான் வழிகாட்டி.

ஈரமாக்கிய ஒரு நீள டேப் பேடால் குடல் மேலே ஒதுக்கப்பட்டது; அதன் வால் வெளியே ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில். யோனிக் கஃப்பின் (கருப்பை எடுத்தபின் யோனியின் மேல்முனை) பின்விளிம்பை 5 மணி, 7 மணித் திசையில் ஆலிஸ் கிடுக்கியால் பிடித்து இழுத்தால் லிகமென்ட், துணி உலர்த்தும் கொடிபோல விறைத்து நிற்கும். சுட்டுவிரலை அதன் மேல் ஓட்டி, பெரிட்டோனியம் எனும் வயிற்றறைச் சவ்வின் வழியே, இடுப்பெலும்பின் முள்முனையான இஸ்கியல் ஸ்பைனைத் தொட வேண்டும். தையல் விழ வேண்டிய இடம் ஸ்பைனின் மட்டத்தில், அதற்கு உட்புறமும் பின்புறமும். யூரிட்டரும் கைக்கு எட்டும்: பக்கச்சுவரில் ஸ்பைனுக்கு முன்னும் வெளியும் 2 முதல் 5 செ.மீ.க்குள். விரலுக்கும் பிரெய்ஸ்கி ரிட்ராக்டருக்கும் நடுவே உருட்டினால் சடக்கென்று நழுவும். அந்த நழுவலை உணராமல் ஊசியைக் கையில் எடுக்க வேண்டாம்.

ஏன் ஸ்பைன் மட்டம்? உடற்கூறு அளவீடுகளில் யூரிட்டருக்கும் லிகமென்ட்டுக்கும் இடைவெளி கருப்பை வாயருகே சுமார் 0.9 செ.மீ., நடுப்பகுதியில் 2.3, சேக்ரம் (இடுப்பின் பின்னெலும்பு) அருகே 4.1. கீழே போட்டால் யூரிட்டர் சிக்கும். மிக மேலே, மிக ஆழமாகப் போட்டால் அடியிலிருக்கும் எஸ்2 முதல் எஸ்4 வரையிலான நரம்புகள் சிக்கும். நடுவில்தான் இடம்.

ஒவ்வொரு பக்கமும் பி.டி.எஸ். (மெல்லக் கரையும் நூல்) தையல் இரண்டு, முதலாவது ஸ்பைன் மட்டத்தில், அடுத்தது 1 செ.மீ. மேலே. ஊசி வெளியிலிருந்து உள்நோக்கி நுழைய வேண்டும். அப்போது கூர்முனை யூரிட்டரை விட்டு விலகிப் போகும். எதிர்த்திசையில் குத்தினால் ஊசி வெளியேறும் இடம் கண்ணுக்குத் தெரியாது, அங்கேதான் யூரிட்டர் இருக்கிறது. போட்ட தையலை இழுத்துப் பார்த்தால் நோயாளியே மேசையில் சற்று அசைய வேண்டும். பெரிட்டோனியம் மட்டும் கூம்பி வந்தால் லிகமென்ட் பிடிபடவில்லை.

இதன் பின் முன்சுவர்ச் சீரமைப்பு. பிறகு தொங்கு தையல்கள் கஃப்பின் முன், பின் சுவர்களின் நாரடுக்கு வழியே எடுக்கப்பட்டன. உயரத்தில் போட்டது கஃப்பின் நடுவில், தாழ்வில் போட்டது ஓரத்தில். நிரந்தரத் தையல் பயன்படுத்துவோர் அதை எபிதீலியத்துக்கு அடியில் புதைக்க வேண்டும். வெளியே நீட்டினால் சதை வளர்ச்சியும் வெள்ளைப்படுதலும் மாதக்கணக்கில் தொடரும். பேடை எடுத்து எண்ணிய பிறகே முடிச்சு. வால்களை வெட்டவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் குழல்கருவி விட்டுப் பார்ப்பது) முடியும் வரை எந்தத் தையலின் வாலையும் வெட்டாதீர்கள். வலது, இடது, மேல், கீழ் என்று தனித்தனிக் கிளாம்பில் அடையாளம் இருக்கட்டும்.

பன்னிரண்டு நிமிடம்

70 பாகை லென்ஸ், 250 மி.லி. சலைன். சிறுநீர்ப்பைச் சுவரில் தையல் இல்லை, துளை இல்லை. ஆனால் யூரிட்டர் திறக்கும் இரண்டு வாயிலும் அசைவு இல்லை. ரத்த அழுத்தம் 84/50.

இங்கே அவசரப்பட்டுத் தையலை வெட்டுபவர்கள் உண்டு. முதலில் மானிட்டரைப் பாருங்கள். ஸ்பைனலில் அழுத்தம் இறங்கியிருந்தால் சிறுநீரகம் சிறுநீரே உண்டாக்கியிருக்காது. எபெட்ரின், 500 மி.லி. ரிங்கர் லாக்டேட்; அழுத்தம் 110/70 ஆனது. மூன்றாவது நிமிடத்தில் இடது வாய் துடித்து ஆரஞ்சுச் சிறுநீர் பீச்சியது. அடுத்தடுத்து இன்னும் நான்கு முறை. வலது வாய் ஓரிரு முறை சுருங்கியது, எதுவும் வரவில்லை.

வாய் சுருங்குவதை "வேலை செய்கிறது" என்று எழுதிவிடக்கூடாது. சொட்டுச் சொட்டாகக் கசிவதையும் பீச்சலாக எண்ணக்கூடாது. இடது பக்கம் தெளிவாக வந்துவிட்டால், நீர்ச்சத்துக் குறைவு, மயக்கம், மருந்து இன்னும் ஏறவில்லை போன்ற சாக்குகள் அத்தனையும் தீர்ந்துவிட்டன. ஃபுரோசமைடு 10 மி.கி. கொடுப்பது இரு பக்கமும் மந்தமாக இருந்தால் உதவும். ஒரு பக்கம் மட்டும் வராதபோது அது காத்திருப்பதற்கு ஒரு காரணம் மட்டுமே. பிறவியிலேயே வலது சிறுநீரகம் இல்லையோ என்ற கேள்வியும் எழவில்லை. முன்பு எடுத்த ஸ்கேன் வரி அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

12 நிமிடம் ஆன பிறகு வலப்பக்கத் தாழ்தையல் வெட்டி எடுக்கப்பட்டது. ஸ்கோப் உள்ளேயே இருந்தது. இரண்டு நிமிடத்துக்குள் வலது வாயிலிருந்து ஆரஞ்சு நிறம் முதலில் கலங்கலாகவும் பிறகு வேகமாகவும் வந்தது.

தாழ்தையலை முதலில் தேர்ந்ததற்குக் காரணம் மேலே சொன்ன 0.9 செ.மீ. கணக்கு: அதுதான் யூரிட்டருக்கு மிக அருகில் இருப்பது. பெரும்பாலான நேரங்களில் தையல் யூரிட்டரைக் குத்துவதே இல்லை. யூரிட்டர் பெரிட்டோனியத்தின் பின்புறம் ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. தையல் அந்தப் பெரிட்டோனியத்தை உள்நோக்கி இழுக்கும்போது யூரிட்டரும் கூடவே வந்து முழங்கைபோல மடிகிறது. அதனால்தான் தையலை எடுத்ததும் உடனே நிமிர்கிறது, சேதமும் இல்லை.

எடுத்த தையலுக்குப் பதிலாக 1 செ.மீ. உட்புறமாகவும் மேலாகவும், ஆலிஸால் லிகமென்ட்டை உள்நோக்கித் தூக்கிப் பிடித்து, மறுபடி ஒன்று போடப்பட்டது. மீண்டும் சிஸ்டோஸ்கோப்பி, இரு பக்கமும் பீச்சல். அதன் பிறகே வால்கள் வெட்டப்பட்டன. மலக்குடலில் விரல் விட்டு எந்தத் தையலும் உள்ளே தட்டுப்படவில்லை என்பதும் உறுதியானது.

முதல் தையலை எடுத்தும் வராவிட்டால்? அதே பக்கத்து அடுத்த தையல், ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்குப் பின்னும் பார்த்து. தொங்கு தையல் எல்லாம் போயும் வரவில்லையென்றால் சந்தேகம் முன்சுவர்ச் சீரமைப்பின் மேல். ஓரம் வரை அகலமாக எடுத்த தையல், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில் யூரிட்டரை மடக்கும். அதன் பிறகு 5 ஃபிரெஞ்ச் யூரிட்டர் கதீட்டர். தடையின்றி ஏறினாலும், நின்றாலும், இந்தக் கட்டத்தில் யூராலஜிஸ்ட் அரங்குக்குள் இருக்க வேண்டும். கதீட்டரைப் பலவந்தமாகத் தள்ளி மடிப்பைத் துளையாக்குவதுதான் இங்கே செய்யக்கூடிய பெரிய தவறு.

இரு பக்கமும் பீச்சியது என்பது முழு நற்சான்றும் அல்ல. பாதி அடைப்பும், காட்டரி சூட்டால் சில நாள் கழித்துத் திறக்கும் துளையும் சிஸ்டோஸ்கோப்பியில் தப்பிவிடும். அறுவைக்குப் பின் விலாவில் வலி, காய்ச்சல், வாந்தி என்றால் வாயுத்தொல்லை என்று எழுதாமல் ஸ்கேன் எடுங்கள். ஒரு பக்கம் அடைபட்டால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம், ஏறாமலும் இருக்கலாம்.

பின்தொடர்தல்

பெரினியோராஃபியில் ஹையேட்டஸ் 5-லிருந்து 3-ஆகக் குறைக்கப்பட்டது. லெவேட்டர் தசைகளை நடுவில் இழுத்துத் தைக்கவில்லை. அது உறவின்போது வலியைத் தரும். ரத்த இழப்பு 150 மி.லி. அளவில்.

மறுநாள் காலை யோனிக்குள் அடைத்திருந்த பேக்கை எடுத்து, கதீட்டர் வழியே 300 மி.லி. நிரப்பி, கதீட்டரை எடுத்துவிட்டுக் கழிக்கச் சொன்னதில் 240 வந்தது. மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 200 வந்தாலே போதும். கிரியாட்டினின் 0.8. பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கம் இறங்கும் கூரிய வலி இருக்கிறதா என்று தனியாகக் கேட்கப்பட்டது; இல்லை. இருந்திருந்தால், வலி மருந்தோடு வாரக்கணக்கில் காத்திராமல், அந்தப் பக்கத் தையலை ஓரிரு நாளிலேயே எடுப்பது நரம்புக்கு நல்லது. மலச்சிக்கலுக்கு இசப்கோல், ஆறு வாரம் எஸ்ட்ரியால்.

6 வாரத்தில் சி −7, பிஏ −2. இருமினால் லேசான கசிவு, எதிர்பார்த்ததுதான். இடுப்புத்தளப் பயிற்சியில் மூன்று மாதத்தில் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைந்தது, ஸ்லிங் கேட்கவில்லை. 12 மாதத்தில் சி −7, பிஏ −1. முன்சுவர் ஒரு சென்டிமீட்டர் தளர்ந்திருக்கிறது. நோயாளிக்கு எதுவும் முட்டவில்லை. இதை "முழு வெற்றி" என்று பதிவேட்டில் எழுதாமல் எண்களாகவே எழுதி வைத்தால்தான் ஐந்தாவது ஆண்டில் ஒப்பிட முடியும்.

பயிற்சி அமர்வுக்கு

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. குளிரூட்டிய அரங்கில் ஸ்லைடு பார்த்தே அந்த 30 மணியையும் நிரப்பிவிடலாம். இஸ்கியல் ஸ்பைன் எங்கே என்று விரலுக்குத் தெரிய அது போதாது.

செலவில்லாத மாதிரி ஒன்று. உடற்கூறு ஆய்வகத்து இடுப்பெலும்பு, ஸ்பைன் மட்டத்தைக் கடந்து சேக்ரம் வரை கட்டிய அகலமான எலாஸ்டிக் பட்டை. அதுதான் லிகமென்ட். பழைய ஐ.வி. செட்டின் மெல்லிய குழாயை யூரிட்டராக வைத்து, கீழ்முனையில் 0.9, நடுவில் 2.3, மேலே 4.1 செ.மீ. தள்ளி ஓட்டி, மெல்லிய பாலிதீன் தாளின் அடியில் டேப்பால் ஒட்டுங்கள். தாள் பெரிட்டோனியம். பாட்டிலில் நிறம் கலந்த நீர், குழாயின் முனை ஒரு கிண்ணத்துக்கு மேல், சொட்டு ஓடட்டும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, விரலால் ஸ்பைனைத் தேடி, கீழே ஒரு தையல், நடுவில் ஒரு தையல் போட்டு இழுக்கச் சொல்லுங்கள். கீழ்த்தையலில் ஊசி குழாயைத் தொட்டிருக்காது. ஆனால் தாள் சுருங்கிக் குழாய் மடிந்ததும் கிண்ணத்தில் சொட்டு நிற்கும். வெட்டினால் மறுபடி விழும். நடுத்தையலில் அதே விசைக்குச் சொட்டு நிற்பதில்லை.

பயிற்சியாளரின் பதிவேட்டில் ஒவ்வொரு அறுவைக்கும் நான்கு கட்டம் இருந்தால் போதும்: அறுவைக்கு முன் ஒன்பது எண்கள்; ஸ்பைனையும் யூரிட்டரையும் தானே தொட்டாரா; இடது, வலது பீச்சல் எத்தனையாவது நிமிடத்தில்; 12 மாதத்தில் மீண்டும் அதே எண்கள், கருப்பை நீக்கியிருந்தால் டி தவிர. மூன்றாவது கட்டத்தில் "சிஸ்டோஸ்கோப்பி இயல்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.